நாவலர் பெருமானும் அரிவரியும்

உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது என்பது நம் சித்தாந்தத்தின் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தையே தன் நிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தன்னை அடுத்ததன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும். மேலும் அது தானே அறியவல்லதன்று, அறிவித்தால் அறிவது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உளதாயினும், ஞாயிற்றின் ஒளி கலந்தாலன்றி அது காணமாட்டாது. இவ்விரண்டு உண்மைகளையும் நாம் பெரும்பாலும் கட்டு வீடுகளைப் பற்றிய ஆராய்ச்சியிலே எடுத்துப் பேசுகின்றோம். அவை மிகத் தெளிவாக விளங்குமிடம் பிறிதொன்று உண்டு. ஐந்து வயதுக் குழந்தை முதலெழுத்தின் முன் அமர்ந்திருக்குமிடமே அது. அறிவிப்பார் இல்லையேல் அக்குழவிக்கு அகரம் வெறுங்கோடு. அறிவிப்பார் யாவரோ அவர் வண்ணமே அதன் வண்ணம்.

இவ்வுண்மையை ஏட்டளவில் அறிந்தார் பலர். அதனைத் தம் வாழ்நாள் முழுதும் செயலிற் காட்டினாருள் முதல்வைத்து எண்ணத்தக்கவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவர்களைப் பதிப்பாசிரியராகவும், உரையாசிரியராகவும், கண்டன நூலாசிரியராகவும், புராணப் பிரசங்கியாராகவும் போற்றுவோர் மிகப் பலர். அரிவரி கற்பிக்கும் ஆசிரியராக நினைப்போர் சிலரே. அப்பெருமானார் செய்த தொண்டுகளுக்கெல்லாம் அடிநிலையாக நின்றது இவ்வரிவரித் தொண்டே என்பதை அவர் வரலாற்றினின்றும் காட்டுதல் ஈண்டு நம் கருத்து.

நாவலரவர்கள் சித்திரபானு வருடம் மார்கழித் திங்களில், 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் புதன்கிழமை, நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் கடைசிப் புதல்வராகத் தோன்றினார். தந்தையார் தமிழில் வல்லவர், நாடகங்கள் இயற்றியவர். பிள்ளைக்கு ஐந்தாம் வயதில் வித்தியாரம்பம் செய்விக்கப்பெற்றது. நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தே அவர் தமிழும் நீதிநூல்களும் கற்றார்.

அந்நாளில் எழுத்துப் பயிற்சி நடைபெற்ற முறையை ஈண்டு ஒருவாறு அறிதல் வேண்டும். திண்ணையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பற்றி எழுத்தை வரைவிப்பார். வரையுந்தோறும் பிள்ளை அதன் பெயரை உரக்கச் சொல்லும். விரலும் செவியும் நாவும் ஒருங்கே தொழிற்படுதலால் எழுத்து உள்ளத்தில் ஆழப் பதியும். மணலிற் கைதேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஓலையை இடக்கையிற் பிடித்து, அக்கைப் பெருவிரலின் துணைகொண்டு எழுத்தாணியை நிறுத்தி, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறுதல் எளிய வினையன்று. அழுத்தம் மிகின் ஓலை கிழியும், குறையின் எழுத்துத் தோன்றாது. முன்கற்ற சட்டாம்பிள்ளை பின்வந்தார்க்குச் சொல்லிக்கொடுப்பான். தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பித்தலால் அவன் கல்வியும் உறுதிப்படும்.

இம்முறையின் சிறப்பை மறுப்பார் இலர். ஆயினும் இதன்கண் இரண்டு இடர்கள் இருந்தன. ஒன்று, எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறாக நின்றமை. அகரத்தை ஆனா என்றும், ஆகாரத்தை ஆவன்னா என்றும், மகரமெய்யை இம்மன்னா என்றும் பிள்ளைகள் ஓதினர். அம்மா என்னும் சொல்லைக் கூட்டும்போது ஆனாவையும் இம்மன்னாவையும் மாவன்னாவையும் அடுக்கிச் சொல்லி, பின்னர் அப்பெயர்களின் மிகையை நீக்கி ஒலியை மட்டும் பிரித்தெடுத்தல் வேண்டும். கூரறிவுடைய பிள்ளை இதனை விரைவிற் கண்டுகொள்ளும். ஏனைய பிள்ளைகள் பெயரை ஓதிக்கொண்டே ஒலியை அறியாது பன்னாள் இடர்ப்படும்.

மற்றொன்று ஓலையெழுத்தின் இயல்பு. புள்ளியிட்டால் ஓலை துளைபடும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியின்றியே எழுதுவது வழக்கம். ஆகவே கடகம், கட்கம் என்னும் இரண்டும் ஓலையில் ஒரே வடிவின. ஒன்று கைவளை, மற்றொன்று வாள். எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடுக எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், அப்புள்ளியும் வழக்கு வீழ்ந்தமையால் எரிக்கும் ஏரிக்கும், கொல்லுக்கும் கோலுக்கும் வேறுபாடு தோன்றாதாயிற்று. இக்குறை நீங்க 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகார வடிவங்களைத் திருத்தியமை யாவரும் அறிந்ததே. ரகரமும் காலும் ஒத்த வடிவினவாதலின், பரவி என்பதும் பாவி என்பதும் ஒன்றாகவே தோன்றின. இறைவனைப் பரவியவரையும் பாவியையும் எழுத்தால் வேறுபிரிக்க இயலாத நிலை இது. முன்னரே பாட்டை மனப்பாடஞ் செய்தவரே ஏட்டைப் பிழையறப் படிக்கவல்லாராயினர்; கேளாத நூலைக் கண்ணாற் கண்டமட்டில் படித்தல் முதிர்ந்த புலவர்க்கும் அரிதாயிற்று. ஏடெழுதுவோர் கை தவறிய இடங்களிலெல்லாம் பாடவேறுபாடுகள் பெருகின. குழந்தையின் கையெழுத்திற் புகும் பிழை நாளடைவில் திருமுறையின் பாடத்திலும் புகும் என்பதற்கு இது சான்று.

ஆறுமுகனார்க்கு ஒன்பது வயதாகும்போது தந்தையார் இறைவனடி சேர்ந்தார். அவர் முடியாது விட்டுச்சென்ற நாடகத்தை அவ்விளஞ்சிறுவரே பாடி முடித்தார் என அவர் சரித்திரங் கூறும். பின்னர்த் தமையனார் உதவியால் இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். அஃதன்றி, யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் சேர்ந்து ஆங்கிலமும் பயின்று, அங்கேயே ஆசிரியருமாயினார். அப்பாடசாலைத் தலைவர் பார்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழில் மொழிபெயர்த்த காலத்து, அவர்க்கு உறுதுணையாய் நின்றவர் ஆறுமுகனாரே. அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. பிறர் சமய நூலை வழுவற மொழிபெயர்த்துக் கொடுத்தவர் தம் சமயத்தில் சிறிதும் தளர்ந்திலர் என்பது வியக்கத்தக்கது.

மிஷன் பாடசாலையில் வாழ்ந்த ஆண்டுகள் அவர்க்குப் பெரியதோர் உண்மையைக் காட்டின. மெதடிஸ்த மிஷனார் 1814-இலும், அமெரிக்க மிஷனார் 1816-இலும் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஊர்தோறும் பள்ளிகள் நிறுவினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விநிலையமும் கண்டனர். அச்சிட்ட புத்தகங்கள், வகுப்பு முறை, காலவரையறை, பெண்மக்கட்கும் கல்வி ஆகிய இவையெல்லாம் அவர்களால் வந்தன. இந்நன்மையை மறுத்தல் நடுவுநிலை ஆகாது. ஆனால் எழுத்தோடு சமயமும் உடன் புகுந்தது. அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளிகளில், பொருளுதவி செய்த அந்நாட்டாரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமும் இருந்தது. வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் மற்றொரு பெயர். சார்ந்ததன் வண்ணமாதல் என்பதற்கு இதனினும் வெளிப்படையான எடுத்துக்காட்டு வேண்டுங்கொல்?

தம் சமயத்தார் பலர் இதுகண்டு பாதிரிமாரை வைதனர். நாவலரவர்கள் வைததோடு அமைந்திலர். பிள்ளை ஏன் அங்கே செல்கின்றது என்று வினவினார். எழுத்தறிவு வேண்டிச் செல்கின்றது. இங்கே அதனைத் தருவார் இலர். ஆதலின் குற்றம் கொடுத்தார்பால் மட்டும் இல்லை. கொடாதார்பாலும் உண்டு என்று துணிந்தார். இத்துணிபே அவர் வாழ்வின் திருப்பம்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் முதற்பிரசங்கம் செய்தார். அதன்பின் வெள்ளிதோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. 1848-இல் மிஷன் உத்தியோகத்தை விட்டு நீங்கினார். இல்லறம் புகாது நைட்டிகப் பிரமசாரியாய் நின்று, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். தம்மிடத்துப் பயின்ற மாணாக்கரே அங்கு ஆசிரியராயினர். திருநீறும் திருமுறையும் ஒருபுறமும், எழுத்தும் எண்ணும் மற்றொருபுறமுமாகப் பிரிந்து கிடந்த நிலை நீங்கி, இரண்டும் ஓரிடத்தே பயிலும் நிலை உண்டாயிற்று.

பாடசாலை தோன்றியது, பாடப்புத்தகம் இல்லை. மிஷன் புத்தகங்களைக் கொண்டு கற்பித்தால் பள்ளி வைத்ததன் பயன் கெடும். ஏட்டுச் சுவடி கொண்டு கற்பித்தால் மேற்கூறிய இடர்கள் நீங்கா. ஆகவே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டு 1849-இல் சென்னைக்குப் புறப்பட்டார். சதாசிவப்பிள்ளை என்னும் மாணாக்கர் உடன் சென்றார். அவ்யாத்திரையில் திருவாவடுதுறை ஆதீனத்தைத் தரிசித்துப் பிரசங்கஞ் செய்தபோது, ஆதீனத்தார் அவர் வாக்குவன்மையையும் சாத்திர அறிவையும் கண்டு மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். அப்போது அவர்க்கு வயது 26. சென்னையில் சூடாமணி நிகண்டுரை, சௌந்தரியலகரியுரை என்பவற்றை அச்சிட்டு, யந்திரத்தோடு யாழ்ப்பாணம் மீண்டார். வண்ணார்பண்ணையில் அமைந்த அவ்வச்சுக்கூடத்திற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்பது பெயர்.

மடங்களைச் சார்ந்த நம்மனோர் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பெருமைமிக்க ஆதீனம் ஒன்றால் நாவலர் எனப் பட்டம் பெற்றவர், நிகண்டுக்கும் தோத்திர நூலுக்கும் உரை கண்டவர், அடுத்த ஆண்டில் எழுதி அச்சிட்டது யாது? சிறுபிள்ளைகட்குரிய முதற்பாலபாடம். 1850-இல் அது வெளிவந்தது. சங்கற்ப நிராகரணம் செய்யவல்ல நா, ஆனா ஆவன்னாவைச் சொல்லிக்கொடுக்க நாணிற்றில்லை. பட்டத்தின் பெருமைக்கு அரிவரி இழுக்கென்று அவர் எண்ணியிருந்தால், பின்வந்த பல தலைமுறைகள் தமிழெழுத்தையும் சைவத்தையும் ஒருங்கே பெற்றிரா.

பாலபாட வரிசையின் அமைப்பை நோக்குவார்க்கு அதன் அருமை விளங்கும். எழுத்து, சொல், சிறு வாக்கியம், பாடம் என்று அது படிப்படியாக ஏறிச் செல்வது. தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக எழுத்துக்கள் 247. ஆனால் பிள்ளை 247 வடிவங்களைத் தனித்தனியே கற்கவேண்டுவதில்லை. பதினெட்டு உடல்களையும், அவற்றோடு சேரும் கால், கொம்பு, சுழி முதலிய குறிகளையும் அறிந்துகொண்டால் பெரும்பகுதி கைவந்துவிடும். உகர ஊகார வரிசைகளே எழுத்துக்கெழுத்து வடிவு மாறுவன. அவற்றுக்குத்தான் தனிப்பயிற்சி வேண்டும். உயிரும் மெய்யும் புணர்ந்து உயிர்மெய்யாதலை உணர்ந்த பிள்ளைக்கு நெடுங்கணக்கு சுமையன்று. ஒழுங்கமைந்த ஒரு வீடு.

அச்சினால் விளைந்த பயன் இதனினும் பெரிது. அச்சிற் புள்ளி விடுபடுதல் இல்லை. குறிலும் நெடிலும் வேறு. ரகரமும் காலும் வேறு. ஒரே எழுத்து எப்பக்கத்தும் ஒரே வடிவினதாய் நின்று, எழுதிப் பழகும் சிறுகைக்கு மாறாத மாதிரியாயிற்று. சொற்கள் இடைவெளிவிட்டு நின்றன. வாக்கியம் முடியுமிடத்தும், சிறிது நிறுத்துமிடத்தும், வினாவுமிடத்தும் அவற்றைக் காட்டும் குறிகளை நாவலரவர்கள் தமிழ் வசனத்தில் ஒழுங்காக வழங்கினார். ஏட்டுச்சுவடி முன்னறிந்ததை நினைப்பூட்டும் கருவியாயிருந்தது. அச்சுப்புத்தகமோ முன்னறியாததை அறிவிக்கும் கருவியாயிற்று. ஏழு வயதுப் பிள்ளை தான் ஒருபோதும் கேளாத வாக்கியத்தைத் தானே படித்துப் பொருள்கொள்ளும் நிலை வந்தது. நாவலரவர்களின் வசனநடையைப் புகழ்வோர், அந்நடையின் தெளிவு பிறந்த இடங்களுள் ஒன்று குழந்தைகளின் வகுப்பு என்பதை மறத்தலாகாது. சிறுவர்க்கு விளங்க எழுதப் பழகிய கையே 1852-இல் பெரியபுராண வசனத்தை யாவர்க்கும் விளங்க எழுதித் தந்தது.

ஒலித் திருத்தத்தையும் ஈண்டுக் கூறுதல் தகும். எழுத்துக்களின் பிறப்பிடமும் முயற்சியும் நன்னூலில் விதிக்கப்பட்டுள்ளன. நாவின் நுனி எங்கே பொருந்தும், அடி எங்கே தடிக்கும், இதழ் எங்கே குவியும் என்பவற்றை ஆசிரியர் அறிந்து காட்டினாலன்றி, லகர ளகர ழகரங்களின் வேறுபாடு பிள்ளையின் நாவில் அமையாது. வலி, வளி, வழி என்னும் மூன்றும் ஒன்றாக ஒலிப்பின் பொருள் மூன்றும் மயங்கும். இலக்கணம் முதிர்ந்த மாணாக்கர்க்கே உரியது என்று பலர் கருதிய காலத்தில், நாவலரவர்கள் இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை என்னும் எளிய நூல்களை இயற்றி, அதனைப் பள்ளிப்பிள்ளைகளின் கைக்கெட்டச் செய்தார். அவர்க்கு இதில் ஒரு பெருநோக்கம் உண்டு. இளமையில் நா திருந்தாதார் முதுமையில் திருமுறையைப் பிழையற ஓதமாட்டார். வைகரி வாக்கு வழுவினால் மந்திரமும் வழுவும்; திருவைந்தெழுத்தை ஓதும் நாவும் அரிவரி ஓதிப் பழகிய அதே நா அன்றோ?

மேல்வகுப்புகட்கு அமைந்த பாடங்கள் கடவுள், கல்வி, கொலை, புலாலுண்ணல் முதலிய பொருள்களை விளக்குவன. வினாவும் விடையுமாக அமைந்த சைவ வினாவிடைகள் சமயக் கொள்கையைச் சிறுவர் உள்ளத்தில் முறைப்படப் பதிப்பன. அந்த வினாவிடை முறையும், வகுப்புவாரிப் புத்தக முறையும் மிஷனார் கையாண்டவையே. மாற்றார் கையிலிருப்பதாயினும் நல்ல கருவியை எடுத்தாள அவர் தயங்கிலர். அக்கருவி கொண்டு செய்யும் பொருளிலேதான் வேறுபட்டார்.

உண்மையை உரைக்கப் புகுந்தோர் ஒருபக்கத்தை மறைத்தல் முறையன்று. நாவலரவர்கள் சாதியாசார வரம்பை உறுதியாகப் பற்றியவர். அவர் தொடங்கிய கல்வி எல்லாக் குலத்துச் சிறார்க்கும் ஒப்ப வழங்கப்பட்டதன்று. மிஷனார் பலர்க்கும் கதவைத் திறந்துவைத்த அதே ஊரில், சைவப் பள்ளியின் வாயில் அத்துணை அகலமாகத் திறந்திலது. திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் நாயன்மாராக வணங்கும் சமயத்தார்க்கு இது பெருங்குறையே. எழுத்தறியும் உரிமை மறுக்கப்பட்ட பிள்ளைகளும் அறிவித்தால் அறியும் உயிர்களே. அவர்கட்கு அறிவியாது விட்ட பழி நம் சமூகத்தின்பால் நெடுங்காலம் நின்றது. பெரியார் செய்த நன்மையைப் பின்பற்றுவோர்க்கு, அவர் செய்யாது விட்டதை நிறைவு செய்தலும் கடனாகும்.

பின்னாளிலும் பாடசாலைத் தொண்டினின்று நாவலரவர்கள் நீங்கினாரிலர். 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தில்லைக்கூத்தன் திருமுன்னிலையிலும் அவர் முதலில் நாடியது சிறுவர்க்குரிய கல்வியையே. திருக்குறள் பரிமேலழகருரையைத் திருத்தமாகப் பதிப்பித்தல், புராணப் பிரசங்கம் செய்தல், பிறமத கண்டனம் எழுதுதல் ஆகிய பல்வேறு பணிகட்கிடையே பள்ளிகளைப் பேணும் கவலை அவரை விட்டதில்லை. 1877-இல் பஞ்சம் வந்து மக்கள் வருந்தியபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் மக நாளில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள், அவர் சிவபதம் அடைந்தார். அவர் ஊட்டிய ஊக்கத்தின் பயனாக 1888-இல் யாழ்ப்பாணத்தில் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890-இல் இந்துக் கல்லூரியும் எழுந்தது. பாலபாடங்களோ அவர்க்குப் பின்னும் பதிப்புமேற் பதிப்பாக வந்து, கடலின் இருகரையிலும் எண்ணிறந்த சிறுவர்க்குத் தமிழ் அறிவித்தன.

இனி, இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சாத்திரங்கள் பதினான்கிற்கும் உரைகள் அச்சாகின்றன, மாநாடுகள் கூடுகின்றன, சிவஞான முனிவர் உரைநயம் பேசப்படுகின்றது. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும் மரத்தின் உச்சிக்கு நீர் பாய்ச்சுவார் இலர். அகரத்தின் ஒலியறியாத பிள்ளைக்குச் சிவஞானபோதம் இல்லை. எழுதக் கை திருந்தாத பிள்ளை நாளைக்கு நூல் காக்கும் புலவன் ஆகான். ஐந்து வயதுக் குழந்தை எழுத்தை அறிவிப்பாரை நாடி எப்பொழுதும் வருகின்றது. அதற்கு அறிவிக்க நாம் அமரவில்லையாயின், வேறொருவர் அமர்வர். அவர் வண்ணம் அதற்கு ஏறும். பின்னர் வருந்திப் பயனில்லை என்பதைத் தம் இருபத்தைந்தாம் வயதிலேயே உணர்ந்து, உணர்ந்ததைச் செய்தவர் நாவலரவர்கள்.

ஆண்டுதோறும் கார்த்திகை மகத்தில் அவர்கட்குக் குருபூசை செய்கின்றோம். அந்நாளில் மடங்களும் சபைகளும் தத்தம் எல்லையில் எழுத்தறியாத பிள்ளைகள் எத்துணையர் என்று எண்ணிப் பார்த்து, குலம் பாராது அவர்களை அழைத்து, கற்றாருள் ஒருவரை அவர்முன் அமர்த்துமாயின், பூசை நிறைவெய்தும். அவ்வாறு அமர்பவர் சித்தாந்தப் புலமை முதிர்ந்தவராயின் அதனினும் நன்று. நாவலர் பெருமான் காட்டிய வழி அதுவே.